லெஃப்ட் கார்னரின் வலது கை

நாலு மணிக்குள் ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும். ஒரே ஒரு பெயர். கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை, லோகேஸ்வரன் என்று ஆறு எழுத்தைச் செல்போனில் தட்டிவிட்டால் வேலை தீர்ந்தது, மத்தியானம் தின்ற எலுமிச்சைச் சோறு செரிப்பதற்குள் சேலம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் ஆறுமுகநயினார் இரண்டரை மணியிலிருந்து அந்தக் கல்லூரி உள்ளரங்கின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, கீழே மேட் என்கிற நீல ரப்பர் விரிப்பில் ஆடுகிற பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, போனைத் தொடவில்லை. சென்னையில் இருக்கிற ஒரு தொழில்முறைக் கபடி அணிக்குப் பிடிக்கிற ஆட்களைத் தேடித் தருவது அவர் வேலை. ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய், மேட்டோரம் உட்கார்ந்து, பிடிப்பவன் எவன், பிடிப்பதுபோல் விழுந்து எழுந்திருப்பவன் எவன் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் அந்த அணியின் இடதுபுறம் சல்லடையாக இருந்தது, கபடி கபடி என்று பாட வந்த எதிரணிக்காரனெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரி வந்து தொட்டு, சாவகாசமாகத் திரும்பிப் போனான். இந்த வருஷம் கல்லூரிப் பையன்களில் ஒருவனுக்குத்தான் இடம், இன்று நாலு மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்க்கிற ப்ரணவ் இரண்டு தடவை செய்தி அனுப்பிவிட்டான். சார், லோகேஷ்தானே, போட்டுடவா? இரண்டாவது தடவை அதே கேள்வி, கூட ஒரு கட்டைவிரல் படம். கட்டைவிரலைப் பார்த்ததும் நயினாருக்கு ஏனோ ரேஷன் கடை ஞாபகம் வந்தது, அதை ஒதுக்கிவிட்டு மறுபடி மேட்டைப் பார்த்தார்.

லோகேஸ்வரன் ராசிபுரத்துப் பையன், லெஃப்ட் கார்னர். பாம்பு தவளையைப் பிடிக்கிற வேகம் என்று சொல்ல மாட்டார், பாம்பு தவளையைப் பிடித்து அவர் பார்த்ததில்லை. ஆனால் பாடி வருகிறவனின் பின்னங்கால் தரையிலிருந்து கிளம்பும் முன்பே கணுக்காலில் இவன் இரண்டு கையும் இருக்கிறது, அதைப் பார்த்திருக்கிறார், இன்றைக்கு மட்டும் நாலு தடவை. பதினேழு ஆட்டத்தில் எழுபத்தொரு பிடி என்று ப்ரணவின் அட்டவணை சொல்கிறது. எவனாவது வேண்டாம் என்பானா. நயினாரும் லெஃப்ட் கார்னர்தான், அவருக்கும் கணுக்கால் பிடிதான், அந்தப் பையனைப் பார்க்கும்போது இருபத்துமூன்று வயது நயினார் கீழே குனிந்து நிற்கிற மாதிரியே இருந்தது, அது சந்தோஷமாக இருக்க வேண்டியது, இல்லை. லோகேஸ்வரனுக்குப் பக்கத்தில் நிற்பவன் மாதேஷ், தருமபுரிப் பக்கம், ஒடிசலான பையன். ஏழு பேர் நிற்கிற வரிசையில் கோடியில் நிற்பவன் கார்னர், அவனை ஒட்டி நிற்பவனை இன் என்பார்கள், இரண்டு பேரும் கை கோர்த்துத்தான் நிற்க வேண்டும். இடது கோடிக்காரனின் வலது கை, இன்னொருவனின் இடது கைக்குள். கார்னர் பாய்கிற நொடியில்தான் கை விடுபடும். முதலில் காலைப் பிடித்தவன் பெயரில் புள்ளி விழும், கையைப் பிடித்திருந்தவனுக்கு ப்ரணவின் அட்டவணையில் கட்டமே கிடையாது. மாதேஷின் பேரில் பதினெட்டுப் பிடி, அதுவும் பாதி, மற்றவர்கள் பிடித்துக் கிடத்தியவன்மேல் போய் விழுந்தது. பதினெட்டை எவன் எடுப்பான். நயினார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துடைத்திருக்கக் கூடாது. லோகேஸ்வரன் பாய்வதற்கு ஒரு இமைப்புக்கு முன்னால் மாதேஷின் முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு அசைகிறது. அசைகிறதா. அடுத்தவன் பாடி வந்த பாட்டுக்குப் பார்த்தார், அசைந்தது, லோகேஸ்வரன் பாய்ந்தான், புள்ளி. அடுத்த பாட்டுக்கு அசையவில்லை, லோகேஸ்வரன் குனிந்த குனியில் நின்றான், பாட வந்தவன் வெறுங்கையோடு திரும்பினான். பையன்களைத் தேர்ந்தெடுக்க வந்த மனிதர் அப்போது செய்தது என்னவென்றால், தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கல்லூரிப் பஸ்களை எண்ணினார்.

ஒரு அழுத்தம் என்றால் இரு. இரண்டு அழுத்தம் என்றால் போ. தவசிமுத்து வைத்த பாஷை அது, கோர்த்த கைக்குள் மட்டும் பேசுகிற பாஷை, மைதானத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் அது கேட்கும். உடன்குடிக்காரன் தவசி, பள்ளிக்கூடத்து ஆட்டத்திலிருந்து பதினொரு வருஷம் நயினாரின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன். கார்னருக்குக் கால்தான் தெரியும், அவன் குனிந்து நிற்பவன், காலையே பார்த்துக் கிடப்பான், இன்னுக்கு நிற்பவனுக்குத்தான் பாடி வருகிறவனின் இடுப்பு தெரியும். காலு பொய் சொல்லும் நயினா, இடுப்பு சொல்லாது, நீ காலப் பாரு, இடுப்ப நான் பாத்துக்கிடுதேன். எத்தனை தடவை சொல்லியிருப்பான். சொல்லும்போது வெற்றிலை போடாமலே வெற்றிலை போட்டவன் மாதிரி வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொள்வான். அவன் கை எப்போதும் காய்ந்திருக்கும், சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் சொரசொரப்பு, நயினாருடையது ஊறும். இந்த வேர்வையில மீன் வளக்கலாம்ல என்பான் தவசி. அப்படிப்பட்ட கை. யோசித்துப் பார்த்தால் நயினாருக்கு அவன் முகத்தைவிட அவன் கைதான் நன்றாகத் தெரியும், முகத்தைப் பார்க்க நேரம் ஏது, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டல்லவா பதினொரு வருஷம் நின்றார்கள்.

அப்புறம் யார் பிடித்தார்கள் இந்தக் கையை. விசில் ஊதி, கீழே பையன்கள் பக்கம் மாறினார்கள், நயினார் தன் வலது உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். கடைசியாகப் பிடித்தது ரேஷன் கடைக்காரர். போன மாதம். கைரேகை விழவில்லை, இங்க குடுங்க பெரியவரே என்று அவரே கட்டைவிரலைப் பிடித்து மிஷினில் வைத்து அழுத்தினார், விழவில்லை, துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார், அப்போதும் விழவில்லை, பின்னால் நின்ற பெண்கள் சலித்துக்கொண்டார்கள், நயினாருக்கோ அந்த ஆள் இன்னும் நாலு தடவை அழுத்தினாலும் பரவாயில்லை என்று இருந்தது. இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா. ஐம்பத்துநாலு வயது ஆள், மாநிலத்துக்கு ஆடியவர், ரேஷன் கடையில் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டுக் கண் கலங்கினார் என்றால் சிரிப்பார்கள். பெண்டாட்டி கஸ்தூரி வீட்டில் இருந்தபோது பிடித்தாளா என்றால், ரோடு தாண்டும்போது முழங்கைக்கு மேலே சட்டையைப் பிடிப்பாள், கையை இல்லை. மகள் பிரசவத்துக்கு ஓசூர் போனவள். பேரனுக்குப் பல் முளைத்து, நடை வந்து, பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று, இவள் பிரசவம் பார்த்து முடியவில்லை. சண்டை கிடையாது. வாரம் ஒரு தடவை போன் செய்வாள், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், முட்டி எப்படி இருக்கு, இருக்கு. முட்டியை மட்டும் மறக்காமல் கேட்பாள். பெரம்பூர் வீட்டில் இரண்டு நாற்காலியில் ஒன்றில் துணி கிடக்கிறது, உட்கார ஆள் வந்தால்தானே எடுக்க வேண்டும், ஒரு வருஷமாக அதே துணிதான் என்றுகூட இருக்கலாம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். கபடியில் பிடிக்கிறவன் இரண்டுக்கும் பிந்துகிறவன், எதிராளி வரட்டும் என்று நிற்பவன், நின்று நின்று பழகிப்போய் வீட்டிலும் அப்படியே நின்றுவிட்டாரோ என்னவோ. அவளாக வரட்டும் என்று நின்றார், அவள் வரவில்லை, போ என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. மணி மூன்றே கால் ஆகியிருந்தது.

போன் அடித்தது. ப்ரணவ். நல்ல பையன், மரியாதைக்காரன், கெட்ட செய்தியைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்வான். "சார், தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. மத்தவங்க எல்லாரும் அனுப்பிட்டாங்க. உங்களோடது ஒண்ணுதான் பாக்கி." "அனுப்புறேன்." "டவுட் ஏதாவது இருக்கா சார்? நம்பர்ஸ் பார்த்தா லோகேஷ் ரொம்பத் தெளிவா இருக்கான்." "தெளிவாத்தான் இருக்கான்." "இல்ல சார், ஏன் கேக்கறேன்னா…" என்று அவன் இழுத்தான், இழுப்பின் மறு நுனியில் என்ன இருக்கிறது என்று நயினாருக்குத் தெரியும். "மேல பேசிக்கறாங்க. போன ரெண்டு செலக்ஷனும் சரியா அமையல இல்லையா. இது மூணாவது. இது க்ளிக் ஆகலைன்னா உங்களைக் கன்டினியூ பண்றது கஷ்டம்னு சொல்றாங்க. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்." தெரிய வேண்டாம் என்று நயினாரும் சொல்லி வைத்துவிட்டார். போன இரண்டு. இரண்டு பேருமே கார்னர்கள், ஒருவன் திண்டுக்கல், ஒருவன் காரைக்கால், கல்லூரியில் புலி, சென்னை அணியில் வந்து நின்றால் பூனை. எப்போது பாய்வது என்றே தெரியாமல் முழித்தார்கள், ஒன்று முந்திப் பாய்ந்தார்கள், இல்லை பிந்தினார்கள். பெரிய இடத்துப் பயம் என்றார் கோச். இருக்கும் என்று நயினாரும் தலையாட்டினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், அந்த இரண்டு பையன்களும் முழித்த முழியை அவர் இதற்கு முன்பே பார்த்திருந்தார், ஆட்டத்துக்காக அரசு வேலை கொடுத்த துறையின் அணியில் சேர்ந்த முதல் வருஷம், ஹாஸ்டல் கண்ணாடியில். தவசி இல்லாத முதல் வருஷம். பக்கத்தில் ஒரு கை இருந்தது, வேலூர்க்காரன் கை, நல்ல கைதான், ஆனால் ஊமைக் கை. எட்டு ஆட்டத்தில் ஆறு பிடி. முட்டி வலிக்குது சார் என்றார் நயினார். முதலில் சொன்னது வாயால்தான், பிறகு ஒரு முட்டி உறை வாங்கிப் போட்டார், பிறகு தைலம், பிறகு லேசாக இடது காலைச் சாய்த்து நடை, இரண்டு வருஷத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், வேலை மட்டும் நிரந்தரமாயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அந்தக் கோணலை முப்பது வருஷமாக முட்டியில் கட்டிக்கொண்டு அலைகிறார். எக்ஸ்ரே எடுத்த டாக்டர்கூட ஒன்றும் இல்லையே என்றார், இவர் டாக்டரை மாற்றினார்.

இடைவேளை விட்டார்கள். நயினார் இடது காலைச் சாய்த்துச் சாய்த்துப் படி இறங்கினார். கேட்டுவிட்டால் போயிற்று, கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, ஆனாலும் கேட்டுவிடலாம், பையன் உண்மையைச் சொல்லிவிட்டால் நல்ல பையன் என்று அவனையே எழுதிவிடலாம், மனசு ஆறும். இந்த ஏற்பாடு தனக்கு மிகவும் வசதியாக இருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. லோகேஸ்வரன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், மாதேஷ் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விரலில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். "நல்லாப் பிடிக்கீங்க தம்பி," என்றார். "தேங்க்ஸ்ங்க சார்." "பாயுத நேரத்த யாரு பாக்குறது? உங்க ரெண்டு பேருல யாரு சொல்லுவா?" பாட்டில் லோகேஸ்வரனின் வாயருகே ஒரு கணம் நின்றது. "நான்தாங்க சார். நானே பாத்துப் போயிருவேன்," என்றான். மாதேஷ் தலை நிமிரவில்லை. டேப்பை இன்னும் மெதுவாக, தோலைக் கழற்றுகிற மாதிரி உரித்தான், உரித்ததைச் சின்ன உருண்டையாக உருட்டினான். அந்தச் சொல் நயினாரை வேறொரு மைதானத்துக்குக் கொண்டுபோயிற்று. நான்தான் சார். தொண்ணூற்று நாலு, பாளையங்கோட்டை மைதானம், சாயங்காலம் ஐந்தரை, செம்மண் புழுதி இன்னும் அடங்காமல் இருந்தது. துறைக்கு ஆள் எடுக்க வந்திருந்த அதிகாரி கழுத்தில் விசிலோடு கோட்டுக்கே வந்துவிட்டார், அப்போதுதான் ஒரு பிடி முடிந்து எழுந்து, அடுத்ததற்காக அவரும் தவசியும் கை கோர்த்து நின்றிருந்தார்கள். ஒரு இடந்தான் இருக்குப்பா, ரெண்டு பேருல யாரு நேரம் பாத்துச் சொல்றது என்று கேட்டார். அப்பா செத்து நாற்பது நாள் ஆகவில்லை, வீட்டில் இரண்டு தங்கச்சிகள், இதெல்லாம் உண்மை, ஆனால் அந்தக் கணத்தில் அதெல்லாம் ஞாபகத்தில் இருந்ததா என்றால் இல்லை, வாய்தான் முந்திக்கொண்டது. நான்தான் சார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட ஒரு நிமிஷம் யோசிப்பான். அப்புறம் கை விடுபட்டது. எப்படி விடுபட்டது, தவசி விட்டானா, தான் உருவிக்கொண்டாரா. வேர்வையில் வழுக்கியது என்றுதான் இதுவரை வைத்திருக்கிறார். கைக்குள் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது, வேர்வை, வழுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு தவசியை ஒரே ஒரு தடவை பார்த்தார், திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்தில், பதினாலு வருஷம் இருக்கும். தவசி பந்தல் கான்ட்ராக்ட் எடுத்திருந்தான், ஏணி உச்சியில் நின்று எதையோ இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான், தலை நரைத்திருந்தது. கீழே நின்ற இவரைப் பார்த்ததும், "வா நயினா, சாப்பிட்டியா?" என்றான், அவ்வளவு சாதாரணமாக, நேற்று ஆட்டம் முடிந்து பிரிந்தவன் மாதிரி. இவர் கையை மேலே நீட்டினார். தவசியின் இரண்டு கையிலும் கயிறு இருந்தது. "பந்தியில உக்காரு, வாரேன்," என்றான். இவர் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டு, அவன் இறங்குவதற்குள் பஸ் ஏறிவிட்டார். முட்டி வலி என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு.

"சார், ஆட்டம் ஆரம்பிக்கிறோங்க," என்றான் லோகேஸ்வரன். நயினார் கால்சட்டையைச் சுருட்டி, முட்டி உறையைக் கழற்றிச் செருப்புப் பக்கத்தில் வைத்தார். ஏன் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "ஒரு பாட்டுக்கு நான் நிக்கேன். நீ ஒதுங்கிக்க தம்பி," என்றார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பி.டி. மாஸ்டர் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார், சென்னையிலிருந்து வந்த மனிதர் அல்லவா. மேட்டு ரப்பர் காலுக்குக் கூசியது, அவர் ஆடியதெல்லாம் மண். இடது கோடியில் போய்க் குனிந்தார், முதுகு கேட்கவில்லை, பாதி குனிந்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நீட்டியதும் பயம் வந்தது, சின்னப் பிள்ளைக்கு இருட்டில் வருகிற பயம், யாரும் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. மாதேஷ் பிடித்தான். காய்ந்த கை. டேப் பிசின் ஒட்டிய, சொரசொரத்த, மெலிந்த கை. நயினாருக்கு மேட்டில் நடப்பது எதுவும் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பாடி வந்தவன் வலதுபக்கம் ஆட்டம் காட்டிவிட்டு இடதுபக்கம் திரும்பினான், நயினார் பழக்கதோஷத்தில் அவன் காலைப் பார்த்தார், கால் உள்ளே வந்தது, இப்போது, இப்போது என்று உடம்பு சொன்னது, கைக்குள் ஒரு அழுத்தம். இரு. கால் சும்மா ஆசை காட்டிவிட்டுப் பின்வாங்கியது, பாய்ந்திருந்தால் காற்றைத்தான் பிடித்திருப்பார். மறுபடி கால் வந்தது, இந்தத் தடவை ஒன்றுமே இல்லாத மாதிரி, அசட்டையாக, பாய்வதற்கு எவனும் நினைக்க மாட்டான், கைக்குள் இரண்டு அழுத்தம். போ. சின்னதாக, அடுத்தடுத்து. இந்தப் பையன் உடன்குடியைக் கண்டானா, தவசியைக் கண்டானா, கைக்கு வேறு என்ன பாஷை தெரியும், உலகத்தில் எவன் கையும் இதைத்தான் பேசும் போலிருக்கிறது. நயினார் பாயவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். பாடி வந்தவன் அவர் தோளைப் பூப்போலத் தொட்டுவிட்டு, மரியாதையாகக் கோட்டுக்குத் திரும்பிப் போனான். பையன்கள் சிரிப்பை அடக்கினார்கள். மாதேஷ் மட்டும் சிரிக்கவில்லை, அவர் கையை இன்னும் விடாமல், "நேரம் சரியாத்தானுங்க இருந்துச்சு சார்," என்றான், தன்மேல் தப்போ என்ற கவலையில். "சரியாத்தான் இருந்துச்சு," என்றார் நயினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் நான்தான்னு சொன்னப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றார். மாதேஷ் யோசித்தான். "புடிச்சது அவன்தானுங்களே சார்," என்றான்.

படியில் மறுபடி உட்கார்ந்தபோது மூன்று ஐம்பது. லோகேஸ்வரன் கீழேயிருந்து இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தான், அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், அடுத்த பிடியை அவசரப்பட்டு விட்டான். பாவம் அவன். கெட்ட பையன் இல்லை. அவனுடைய அந்த இரண்டு சொல்லுக்கு அவர் தண்டனை கொடுக்கிறாரா, தண்டனை என்றால் அது வேறொருவனுக்குச் சேர வேண்டியதல்லவா, இந்தப் பையனை அடித்துவிட்டால் அந்தப் பையன் திருந்திவிடுவானா, அவனுக்குத்தான் ஐம்பத்துநாலு வயது ஆகிவிட்டதே. வேண்டாம். தண்டனை வேண்டாம். லோகேஸ்வரனை மட்டும் சென்னைக்குக் கூட்டிப்போனால் ஊமைக் கைக்குப் பக்கத்தில் நிற்பான், முழிப்பான், மூன்று மாதத்தில் அவனுக்கும் ஒரு முட்டி வலி வரும். இதை அட்டவணையில் காட்ட முடியாது. காட்டுவதற்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு, அந்தச் சாட்சி வாயைத் திறந்தால் பதினொரு வருஷத்துப் புள்ளி, மாநிலத்துக்கு ஆடியது, வேலை, இந்த வேலை, எல்லாம் இன்னொருவன் பெயருக்கு மாறும். அப்புறம் தன் பெயரில் என்ன மிஞ்சும் என்று பார்த்தார், குனிந்து நிற்கத் தெரியும் என்பது மிஞ்சியது. போனை எடுத்தார். மாதேஷ் என்று தட்டி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த மறு நிமிஷம் ப்ரணவ் கூப்பிட்டான்.

"சார், பேரு மாறி வந்திருக்கு." "மாறல." "பதினெட்டு டாக்கிள் சார் அவன். லோகேஷ் எழுபத்தொண்ணு." "எழுபத்தொண்ணும் இவனோடது. இவன் கை சொல்லும், அவன் பாய்வான்." ப்ரணவ் வீடியோவை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "வீடியோல அப்படி எதுவும் தெரியலையே சார்." "தெரியாது. கைக்குள்ள நடக்குறது." "அப்போ உங்களுக்கு எப்படி சார்…" நயினார் எழுந்து நின்றார், ஏன் என்று தெரியாமல், விசாரணையில் தன் பெயரைக் கூப்பிட்ட மாதிரி. "நான் கார்னர் ஆடுனேன்னு தெரியும்லா. எனக்கும் ஒருத்தன் சொன்னான். தவசிமுத்துன்னு பேரு. ஆள் எடுக்க வந்தவங்க கேட்டப்ப, நேரம் பாக்குறது நான்தான்னு சொல்லிட்டேன். எனக்கு வேலை கெடச்சுது. அவன் இல்லாம அதுக்கப்புறம் என்னால ஒருத்தனையும் பிடிக்க முடியல." "சார், உங்களுக்கு முட்டில அடிபட்டுதுன்னு…" "முட்டிக்கு ஒண்ணுமில்லப்பா," என்றார் நயினார். அந்த வாக்கியத்தை முப்பது வருஷத்தில் இப்போதுதான் தன் குரலில் கேட்டார், சின்ன வாக்கியமாக இருந்தது. ப்ரணவ் அடுத்த கட்டத்துக்குப் போனான். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். என்னன்னு போடட்டும்?" "இன் சரியா இருந்தா எந்தக் கார்னரும் பிடிப்பான்னு போடு." ப்ரணவ் தட்டுவது கேட்டது. "போட்டுட்டேன் சார். இது மூணாவதுன்னு…" "ஞாபகம் இருக்கு." "சரிங்க சார். நாலு ஆச்சு, மூடிட்டேன்," என்றான், வைக்கும் முன் "பாத்துப் போங்க சார்" என்று சேர்த்துக்கொண்டான்.

பையன்கள் போய்விட்டார்கள். பி.டி. மாஸ்டர் காற்றாடிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, சார் கதவை அப்புறம் பூட்டுறேன், நீங்க மெதுவா வாங்க என்று போனார். மாதேஷிடம் நாளைக்கு ஆபீசிலிருந்து சொல்வார்கள். வெளியே பைக் ஸ்டாண்டில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, லோகேஸ்வரன் ஓட்ட, மாதேஷ் பின்னால், நாளை மறுநாளும் அப்படி ஏறுவார்களா என்று நயினாருக்குத் தெரியவில்லை. முட்டி உறை கீழே மேட்டோரம் கிடந்தது. அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் டேப் பிசின் இன்னும் ஒட்டியிருந்தது. தன் இடது கையால் தன் வலது கையைக் கோர்த்துப் பிடித்து, ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தன் கையைத் தானே அழுத்தினால் அதில் சேதி கிடையாது, அழுத்தும் முன்பே தெரிந்துவிடுகிறது. அடுத்தவன் அழுத்தினால்தான் அது பேச்சு. அப்படியே கையைக் கோர்த்தபடி இருந்தார், கண்ணை மூடினார், செம்மண் வாசனை வந்தது, விசில் தொங்குகிற கழுத்து, யாரு நேரம் பாத்துச் சொல்றது, நான்தான் சார், அதற்கு அப்புறம் கைக்குள் அசைந்தது, இல்லை, வேர்வை இல்லை. தவசியின் கை காய்ந்த கை, வழுக்குகிற கை இல்லை. நான்தான் சார் என்று இவர் சொன்ன பிறகும் அது பிடித்துக்கொண்டுதான் இருந்தது, ஒரு மூச்சு நேரம், தவசி நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு கைக்குள் அழுத்தினான். ஒரு தடவை. உடனே இன்னொரு தடவை. அதன் பிறகுதான் விட்டான்.